கேலனுக்கு இருபத்தேழு

அத்தானுடைய காரும் என்னுடைய காரும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று சொல்லலாம். மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்த துரை, ஊருக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன, பத்துக் குதிரைசக்தி இஞ்சின் உள்ள இரண்டு கார்கள். ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே கறுப்பு. எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக மலைக்கு அழைத்துப்போய் வாங்கவைத்தது என் அக்காள். அவளுடைய கணவர்தான் அத்தான். "அவரும் ஓட்டட்டும், நீயும் ஓட்டு, ரெண்டு பேரும் நல்லாயிருங்கோ" என்றாள். நல்லாத்தான் இருந்தோம், பாறசாலை ஸ்டாண்டில் யாரோ ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை.

"எத்தர கிட்டும்?"

அந்தக் காலத்தில் தூர ஓட்டத்துக்குக் கார் பேசுகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். புறப்படும்போது டாங்கியைக் கழுத்துவரை நிரப்பிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் குறைந்ததைக் கார் பிடித்தவர் நிரப்பித் தர வேண்டும். அது இங்கே உள்ள வழக்கம். அதனால் ஒரு கேலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் கிட்டும் என்பது, கல்யாணத்துக்குக் குடும்பம் விசாரிப்பதுபோல, டிரைவரிடம் முகத்துக்கு நேரே விசாரிக்கப்படும்.

அத்தான் சொல்வார்: "முப்பது."

நான் சொல்வேன்: "இருபத்தேழு."

கேட்டவர் அத்தான் வண்டியின் கதவைத் திறப்பார்.

பொய் சொல்லியிருக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். எனக்குப் பொய் வராது என்று இல்லை. பொய் சொன்னால் பிறகு மாட்டிக்கொள்வேனே என்ற பயம்தான். ஆறாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். நின்றதுகூட, பரீட்சையில் தோற்றுவிடுவேனோ என்று பயந்து, பரீட்சைக்கு முன்பே நின்றது. எண்களிடம் எனக்கு எப்போதும் ஒரு வெப்ராளம் உண்டு. எண் என்றால் நெஞ்சு படபடக்கும். ஆனால் எண்ணை நம்பாமல் இருக்கவும் தெரியாது. மீட்டர் இருபத்தேழு என்றால் இருபத்தேழுதான்.

நான் அளந்தது ஒருமுறை இருமுறை அல்ல. பம்பில் கையால் தள்ளி மேலே கண்ணாடிக் குடுவையில் ஒரு கேலன் ஏற்றி, பிறகு டாங்கியில் இறக்குவார்கள். நான் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக் குலுக்கி, உள்ளே நிற்கும் காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறிய பிறகு இன்னும் ஒரு சொட்டு ஊற்றச் சொல்வேன். பம்புக்காரர் சலித்துப்போய், "இது காரா, பிள்ளைக்குப் பால் குடுக்குற குப்பியா?" என்று கேட்டார். பிறகு ஓட்டம், பிறகு மறுபடி நிரப்பல். வகுத்துப் பார்ப்பேன். இருபத்தேழு. சில நாள் இருபத்தாறரை. முப்பது ஒரு நாளும் வரவில்லை.

ஒரே வண்டி. ஒரே ரோடு. அவருக்கு மட்டும் எங்கிருந்து அந்த மூன்று மைல்?

அந்த மூன்று மைலை நான் தேடிய இடங்களைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுவார் என்று நானும் வெறுங்காலில் ஓட்டினேன். அவர் மெலிந்தவர் என்று நான் மத்தியானச் சோற்றைக் குறைத்தேன். டூல் பெட்டியை இறக்கினேன். ஸ்பேர் டயரை இறக்கினேன். இறக்கிய நாள் முதல் எங்கே பஞ்சராகுமோ என்ற கவலை அந்த டயரைவிடக் கனமாக வண்டியில் ஏறிக்கொண்டது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தைக் குறைத்து வைத்தேன். இஞ்சின் குளிர்கால நோயாளி மாதிரி இருமியது. நெய்யாற்றின்கரையிலிருந்து நாகர்கோவில் வரை எங்கள் ரோடு ஏற்றமும் இறக்கமும்தான். இறக்கம் வந்ததும் இஞ்சினை நிறுத்திவிட்டு, கியரை நடுவில் போட்டு, வண்டியைச் சும்மா உருட்டிவிடுவேன். அமரவிளை இறக்கத்தில் வண்டிக்குள் இருந்த சபைப் பெண்கள் நாலு பேர் ஒரே குரலில் இயேசுவைக் கூப்பிட்டார்கள்.

"பதுக்க ஓட்டும், ஓய்" என்று கத்தினார்கள்.

வேகம் காட்டும் முள் முப்பதைத் தாண்டவில்லை. மெதுவாகத்தான் ஓட்டினேன். என்னை வேகக்காரன் என்று ஊரில் பலபேர் சொன்னார்கள், பயந்தவனாகிய என்னை! அதுவும் அத்தான்மேல் உள்ள பிரியத்தில் சொல்வது என்றே நினைத்தேன்.

கடைசியில் எனக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. நானே உண்டாக்கிக்கொண்டதுதான். ஸ்டாண்டில் டீக்கடைக்காரரிடம் மெல்லச் சொன்னேன்: "அவரு மண்ணெண்ணெ கலக்குகாரு போல."

அவர் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே, "மண்ணெண்ணெ ஊத்தினா முப்பது கிட்டுமா? பின்ன நீயும் ஊத்துலே. ஆரு வேண்டாம்ணு சொன்னா?" என்றார். ஸ்டாண்டே சிரித்தது. அத்தானும் சிரித்தார். அதுதான் தாங்க முடியாமல் போனது. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை உண்மையாக இருக்குமோ என்று நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த வருடங்கள் அவை. மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், கடையடைப்பு. எங்கள் பக்கம் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பாஷையும் பேசுகிறவர்கள்கூட அன்றைக்கு எதைப் பேசுவது என்று எதிரே வருகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தார்கள். அத்தானுக்கு இதிலும் கஷ்டம் இல்லை. தொண்டர்கள் மறித்தால் தமிழில் ஒரு தமாஷ் சொல்வார்; போலீஸ் மறித்தால் மலையாளத்தில் வேறொரு தமாஷ். எனக்கு இரண்டிலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

போராட்டத்தில் என் தொழிலைத் தொட்டது ஒன்றே ஒன்று. நாங்கள் மைல்குற்றி என்று சொல்லும் ரோட்டோரத்து மைல்கற்களில் மலையாளத்தில் எழுதியிருந்ததால் யாரோ தார் பூசிவிட்டார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். எழுத்தோடு எண்ணும் போயிற்று. களியக்காவிளை தாண்டி அந்தப் பக்கம் வெகுதூரம் கறுப்புக் கற்கள். ஆக, எத்தனை மைல் வந்தோம் என்று கேட்டால் பதில் சொல்ல என் மீட்டரைத் தவிர வேறு ஆள் இல்லை.

அப்போதுதான் டீச்சரம்மாவின் ஓட்டம் வந்தது.

மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை அவர். கொல்லயில் கிராமத்துப் பக்கம் வீடு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். மதுரையில் ஒரு கண் டாக்டரிடம் புரை எடுத்திருந்தார். ஒரு வருடத்துக்கு மாதம் ஒருதடவை போய்க் காட்ட வேண்டும். பார்வை தெளிந்தால் ஜூனில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பலாம். இல்லையென்றால் அதோடு சரி. பஸ்ஸில் அத்தனை தூரம் போக முடியாது. ஒரு வருடத்துக்கு ஒரே வண்டி, மாதம் ஒரு மதுரை. ஸ்டாண்டில் அப்படி ஓர் ஓட்டம் யாரும் கண்டதில்லை.

முதல் மாதம் அத்தான் போனார். இரண்டாம் மாதத்துக்கு டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ரெண்டு பேரு வண்டியையும் பாத்துட்டு ஒரு ஆளுக்கு உறப்பிக்கலாம்ணு இருக்கேன், தம்பி" என்றார். "எனக்குச் சம்பளம் இல்லாத லீவாக்கும். எண்ணெய் பாக்காம முடியாது. அவரு வண்டிக்கு மதுரை சென்னு சேர ஆறு கேலனுக்குக் கொஞ்சம் குறைவாட்டு ஆச்சு. ஒமக்கு எத்தர கிட்டும்?"

"இருபத்தேழு" என்றேன். சொல்லும்போதே உள்ளே வகுத்துப் பார்த்துவிட்டேன். எனக்கு ஆறும் அதற்கு மேலே அரையும் ஆகும். ஓட்டம் போயிற்று என்று அங்கேயே தோன்றியது. ஆனாலும் விட மனம் வரவில்லை. அத்தான் போன ரோட்டில், அத்தான் போட்ட எண்ணெயைவிட ஒரு சொட்டாவது குறைவாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஒரு வெறி.

விடிந்ததும் புறப்பட்டோம். டீச்சரம்மாவும் துணைக்கு அவருடைய தங்கையும் பின் ஸீட்டில். தங்கை களியக்காவிளை வருமுன் தூங்கிவிட்டார். மதுரைவரை அவரைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. குழித்துறையில் தொண்டர்கள் ஒரு பனந்தடியைக் குறுக்கே போட்டிருந்தார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. டீச்சரம்மா கண்ணாடியோடு தலையை வெளியே நீட்டினார். "எலே, இது நம்ம டீச்சராக்கும்!" என்று ஒருவன் தடியைத் தூக்கினான். அவன் தங்கச்சி இவரிடம் படித்தவளாம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் கற்கள் வெளுத்தன. அந்தப் பக்கத்துக் கற்களில் தார் இல்லை. டீச்சரம்மா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு கல்லாக வாசித்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார். டாக்டர் சொன்ன பயிற்சி அல்ல, அவராகவே வைத்துக்கொண்ட பரீட்சை. திருநெல்வேலிவரை சிலது கிட்டியது, சிலது கிட்டவில்லை. கோவில்பட்டியில் காப்பிக்கு நிறுத்தினோம். அங்கே கடைக்கு எதிரேயே ஒரு கல் நின்றது. இறங்கி நானே வாசித்துச் சொன்னேன்: மதுரை அறுபது. மீட்டரையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

என் கண் மீட்டரில்தான். எத்தனை மைல், எத்தனை எண்ணெய், அத்தான், மீட்டர், மறுபடியும் எத்தனை மைல். ரோட்டோரம் நின்ற கற்களை நான் பார்க்கவே இல்லை.

"அம்பது" என்றார் டீச்சரம்மா.

மீட்டர் ஒன்பதுதான் ஓடியிருந்தது. "அம்பத்தொண்ணு, டீச்சரம்மா" என்றேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

"அப்படியா?" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

வெகுநேரம் கழித்து, "நாப்பது?" என்று கேட்டார். இந்தத் தடவை கேள்வியாகத்தான் வந்தது.

மீட்டர் பதினெட்டு. "நாப்பத்திரெண்டாக்கும்."

கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பார்த்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. ரோடு பிடிக்காமல் இருக்கிறாரோ, வேகமாகப் போகிறேன் என்று நினைக்கிறாரோ, அத்தான் இதைவிட நன்றாக ஓட்டினாரோ என்றெல்லாம் நான் கவலைப்பட்டேன். கவலைப்பட வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி.

ரேடியேட்டர் ஆவி விட்டது. நான் குறைத்துவைத்த பெட்ரோலில் இஞ்சின் சூடாகிவிட்டது. ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தி, பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் கொண்டுவரப் போனேன். திரும்பி வரும்போது டீச்சரம்மா இறங்கி, மரத்துக்கு அப்பால் நின்ற மைல்கல்லின் முன் குனிந்திருந்தார். வெட்டிய எண்ணின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளை மணலில் எழுதுகிறமாதிரி.

"தம்பி, இஞ்ச வாரும். இதென்ன?"

"முப்பது, டீச்சரம்மா."

"எனக்கும் முப்பதாட்டுதான் தெரிஞ்சுது. கண்ணுக்கும் முப்பது, விரலுக்கும் முப்பது. ஒம்ம மீட்டரு என்ன சொல்லுது?"

போய்ப் பார்த்தேன். கோவில்பட்டியிலிருந்து இருபத்தேழு.

அறுபதிலிருந்து முப்பது போனால் முப்பது. கல் முப்பது மைல் என்றது. மீட்டர் இருபத்தேழு என்றது. இரண்டு வருடமாக என் நெஞ்சில் உரசிக்கொண்டு கிடந்த அதே இரண்டு எண்கள், அந்த வேப்பமரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தண்ணீர் வாளியைக் கீழே வைத்தேன். என் பார்வை தானாகவே பின்சக்கரத்துக்குப் போயிற்று.

துரை விற்றபோது இரண்டு வண்டியிலும் பின் டயர்கள் வெடித்துக் கிடந்தன. அத்தான் திருவனந்தபுரம் போய், அந்த வண்டிக்கு உள்ள டயரையே தேடி வாங்கினார். நான் நாகர்கோவிலில் பட்டாளத்துச் சாமான் ஏலம் எடுத்தவரிடம் ஜீப் டயர் இரண்டு வாங்கினேன். தடித்த டயர், சீக்கிரம் பஞ்சராகாது என்று, பஞ்சருக்குப் பயந்துதான். மட்கார்டில் உரசியது, தட்டி அகலப்படுத்திக்கொண்டேன். வண்டி பின்பக்கம் பொங்கி நின்றது. "முட்டையிடப் போற கோழி" என்று ஸ்டாண்டில் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும். மீட்டர் எண்ணுவது சுற்றை மட்டும்தான். பத்து மைல் ஓடினால் அது ஒன்பது என்று காட்டும். என் வண்டிக்கும் முப்பதுதான். முதல் நாளிலிருந்தே முப்பதுதான். முள் முப்பதில் நின்றபோதெல்லாம் நான் அதைவிட வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். அந்தச் சபைப் பெண்கள் சும்மா கத்தவில்லை.

"அப்ப ஒம்ம மீட்டருதான் கள்ளமா?" என்று கேட்டார் டீச்சரம்மா. குரலில் குற்றம் இல்லை. ஒரு நம்பிக்கைதான் இருந்தது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்றால், இவர் இதை அத்தானிடம் சொல்வார், அத்தான் சிரிப்பார், டீக்கடைக்காரர் தம்ளரைக் கழுவிக்கொண்டே சிரிப்பார், இரண்டு வருடம் சொந்த டயரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் என்று பாறசாலையிலிருந்து பூவார்வரை பேர் விளங்கும். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு முன்பே ஓடியது போல, அங்கேயும் ஓடினேன்.

"மீட்டரு செரியாக்கும்" என்றேன். "கல்லைத்தான் மாத்தி நட்டிருப்பானுவ. அங்க தாரு பூசினது போல இஞ்சயும் எவனாவது பிடுங்கி மாத்தியிருப்பான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தடித்த கண்ணாடிக்குள் கண் பெரிதாக இருந்தது. வண்டியில் ஏறிக்கொண்டார்.

மதுரையில் பம்பில் நிரப்பினேன். ஆறு கேலனுக்குக் கொஞ்சம் குறைவு. அத்தானுக்கு ஆன அதே அளவு. ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் செருப்பைக் கழற்றியதும் சோற்றைக் குறைத்ததும் இறக்கத்தில் உருட்டியதும் கார்புரேட்டரைப் பட்டினி போட்டதும் எல்லாம் சேர்ந்து ஒரு சொட்டுக்கும் ஆகவில்லை. இருந்தாலும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. சமமாகிவிட்டோமே. இனி என்னை வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது?

அடுத்த மாதம் அத்தான் வண்டிதான் கொல்லயிலுக்குப் போயிற்று.

அவர்கள் மதுரையிலிருந்து திரும்பிய மறுநாள் நேரே டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றுகொண்டே கேட்டேன். "எண்ணெய் ஒண்ணுபோலத்தானே ஆச்சு, டீச்சரம்மா? பின்ன எதுக்கு?"

"எண்ணெயில ஒரு குறையும் இல்ல, தம்பி." உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. "எனக்குப் பார்வை வருதா இல்லியாண்ணு நானே பயந்துட்டு கிடக்கேன். அம்பதுண்ணு கண்டா, அம்பதுதான்ணு சொல்லுகதுக்கு ஒரு ஆள் வேணும். இல்லேண்ணா, கண்டது தப்புண்ணு கல்லைப் பாத்துட்டுச் சொல்லணும். நீரு கல்லைப் பாக்கவே இல்ல. பாத்த பெறவும் கல்லுமேல பழி போட்டீரு. அண்ணைக்கு ராத்திரி மதுரையில நான் உறங்கல்ல, கேட்டீரா?"

 டயர் விஷயத்தை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஜீப் டயர்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, சரியான டயர் வாங்கிப் போட்டேன். அளந்தேன். முப்பது. அடுத்த நாள் ஸ்டாண்டில் ஒருவர் கேட்டார், எத்தர கிட்டும் என்று. நெஞ்சை நிமிர்த்தி, "முப்பது" என்றேன்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நேத்துவரை இருபத்தேழு, இண்ணைக்கு முப்பதா? எலே, மண்ணெண்ணெ எப்பலேருந்து?"

கேட்டவர் அத்தான் வண்டிக் கதவைத் திறந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம். மாதம் ஒரு மதுரை ஓடியதில் அத்தானுடைய பின் டயர்கள் தேய்ந்துவிட்டன. புது டயருக்குத் திருவனந்தபுரத்தில் தட்டுப்பாடு. ஒரு காலையில் வந்து முற்றத்தில் நின்றார். "எலே மக்கா, ஒனக்க பழைய ஜீப் டயரு சும்மாதானே கிடக்கு? எனக்குத் தாயேன்."

"எடுத்துட்டுப் போங்க, அத்தான்" என்றேன். என் குரல் எத்தனை இனிமையாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். மட்கார்டை எப்படித் தட்ட வேண்டும் என்றும் காட்டிக்கொடுத்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு காத்திருந்தேன். அவரும் வெறுங்காலில், அரைவயிற்றில், இரவெல்லாம் வகுத்துக்கொண்டு கிடக்கப்போவதைப் பார்க்க. ஒரு வாரம் கழித்து ஸ்டாண்டில் அவரிடம் யாரோ கேட்டார்கள். நான் என் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே காதைக் கொடுத்தேன்.

"எத்தர கிட்டும்?"

"இருபத்தேழு" என்றார் அத்தான். குரல் தாழவில்லை. "பண்டு முப்பது கிட்டிச்சு. எனக்கும் வண்டிக்கும் வயசாகுதுல்லியா?"

கேட்டவர் சிரித்தார். கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். பக்கத்தில் என் முப்பது, துடைத்த கண்ணாடியோடு நின்றது.

அவர் அந்தக் கணக்கை ஒருநாளும் தேடவில்லை. அக்காளிடம் ஜாடையாகக் கேட்டேன், அத்தான் சரியாகச் சாப்பிடுகிறாரா, உறங்குகிறாரா என்று. "அவருக்கென்ன, தலை சாஞ்சா கொறட்டை" என்றாள். என் மூன்று மைல் அவரிடம் போய் ஒரு முள்ளாகக்கூடக் குத்தவில்லை. முன்பு நான் பொறாமைப்பட்டது அவருடைய வண்டியைப் பார்த்து. அதற்குப் பிறகு பொறாமைப்பட்டது அந்தக் கொறட்டையைப் பார்த்து. வண்டிக்காவது டயர் மாற்றலாம்.

டீச்சரம்மா அந்த ஜூனில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார். போராட்டம் அடங்கி, விளவங்கோடு தாலுகா சென்னைப் பக்கம் போயிற்று. பாறசாலைக்காரர்கள் நாங்கள் மலையாளப் பக்கமே நின்றோம். கற்களில் தாரைச் சுரண்டி, வெள்ளை அடித்து, எண்ணை மறுபடி எழுதினார்கள். கடைசி மதுரைக்கு அவர்கள் புறப்பட்ட காலையில் நான் ஒரு நாகர்கோவில் ஓட்டத்தோடு பின்னாலேயே போனேன். ஒவ்வொரு கல் வரும்போதும் முன்னால் போகும், இப்போது கோழியாகிவிட்ட அத்தான் வண்டியின் ஜன்னலில் டீச்சரம்மாவின் தலை திரும்பும். உடனே அத்தானுடைய தலையும் கல் பக்கம் திரும்பி ஒருமுறை ஆடும். ஆமாம், ஆமாம் என்று. குழித்துறைப் பாலம்வரை எண்ணினேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

டயர் விஷயத்தை அத்தானிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை. அக்காள் இருக்கிறாள். அச்சில் வருகிற எதையும் விடாமல் படிக்கிறவள் அவள்.